சிறிய காரில் பெரிய இன்ஜின்: பிரேக்கையும் சட்டத்தையும் பற்றிச் சில சொற்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மாருதி 800 காரில் எஸ்டீம் காரின் 1298 சிசி இன்ஜினைப் பொருத்தி ஓட்டிவரும் இளைஞர் ஒருவரைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பாலிடெக்னிக் ஒன்றில் மோட்டார் வாகனப் பொறியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்த இளைஞரின் கைத்திறனை நான் மனமாரப் பாராட்டுகிறேன். இன்ஜின் தாங்கிகளைத் தாமே வடிவமைத்து லேத்தில் கடைந்திருக்கிறார். வயரிங் முழுவதையும் பிரித்து மீண்டும் பின்னியிருக்கிறார். இவை எளிய வேலைகள் அல்ல. ஆயினும் முழுப் பக்கத்துக்கு நீண்ட அந்தக் கட்டுரையில் ‘பிரேக்’ என்னும் சொல் ஓரிடத்தில்கூட வரவில்லை. அந்த வண்டியின் பதிவுச் சான்றிதழில் இப்போது எந்த இன்ஜினின் எண் இருக்கிறது என்ற கேள்வியும் எழுப்பப்படவில்லை. இவ்விரண்டும் விடுபட்டதைச் செய்தியாளரின் குறையென்று நான் சொல்ல மாட்டேன். இன்ஜின் மாற்றத்தைப் பற்றிப் பேசும் எல்லோருமே, பட்டறைக்காரர்களும் காணொளி எடுப்பவர்களும் உட்பட, விட்டுவிடுகிற விஷயங்கள் இவைதாம். சட்டமும் தன் பங்குக்கு இந்த மாற்றத்தை யாரும் சோதித்துப் பார்க்காத நிலையிலேயே வைத்திருக்கிறது என்பதால்தான் இக்கடிதத்தை எழுத நேர்ந்தது.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1983 டிசம்பரில் முதல் சாவி வழங்கப்பட்டதில் தொடங்கி 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்டது வரை, மாருதி 800 தன் வாழ்நாள் முழுவதும் 796 சிசி கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் இன்ஜினுடனேயே ஓடியது. வண்டியின் எடை ஏறத்தாழ 650 கிலோ. பெரும்பாலான வண்டிகளில் இன்ஜினின் திறன் 37 குதிரைத்திறன். சக்கரம் 12 அங்குலம், டயரின் அகலம் 145 மில்லிமீட்டர். முன்னால் சிறிய டிஸ்க், பின்னால் டிரம். பல வண்டிகளில் பிரேக் மிதியின் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர்கூடக் கிடையாது. இவற்றைத் தனித்தனியே பார்த்தால் எல்லாமே குறைந்த தரம் என்று தோன்றும். சேர்த்துப் பார்த்தால்தான், ஒவ்வொன்றும் மற்றொன்றின் அளவுக்கு வெட்டப்பட்டிருப்பது தெரியும். அந்த இன்ஜினால் எட்டக்கூடிய வேகத்தை நிறுத்த அந்தப் பிரேக் போதும். அந்தப் பிரேக் தரும் விசையைத் தரையில் பதிக்க அந்த டயர் போதும். அந்த முறுக்குவிசையைத் தாங்கிச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்ல அந்த மெல்லிய டிரைவ் ஷாஃப்ட் போதும். எரிபொருள் சிக்கனம் என்று நாம் கொண்டாடிய குணம் இந்தக் கணக்கிலிருந்துதான் வந்தது. எங்கும் தேவைக்கு மேல் ஒரு கிலோ இரும்பும் போடப்படவில்லை.

இத்தகைய வண்டிக்குள் பெரிய இன்ஜினை இறக்க ஏன் இவ்வளவு ஆசை என்பதைப் புரிந்துகொள்வது கடினமன்று. அப்பா வாங்கிய முதல் கார் வீட்டில் நிற்கிறது, விற்றால் சொற்பப் பணமே கிடைக்கும், விற்க மனமும் வராது. ஆல்ட்டோ வி.எக்ஸ். அல்லது வேகன்-ஆர் வண்டியின் 1061 சிசி இன்ஜினோ, ஜென் வண்டியின் 993 சிசி இன்ஜினோ, எஸ்டீமின் 1298 சிசி இன்ஜினோ சென்னைப் புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ உள்ள பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் அகப்படும். எல்லாமே சுசுகி குடும்பத்து இன்ஜின்கள் என்பதால், பொருத்துவதும் இயலாததாகத் தெரிவதில்லை. 1061 சிசி இன்ஜின் 800இன் இன்ஜினுக்கு நெருங்கிய உறவு. அதைப் பொருத்துவது ஒப்பீட்டளவில் சுலபம். எஸ்டீமின் இன்ஜின் வேறு இனம். நான்கு சிலிண்டர், எரிபொருளைப் பீய்ச்சும் முறைக்கு மாறிய பிந்தைய வண்டிகளில் 85 குதிரைத்திறன். அதாவது 37 குதிரைத்திறனுக்காகக் கணக்கிடப்பட்ட ஓர் உடலுக்குள், அதைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்ட திறன் இறக்கப்படுகிறது.

வேகம் ஒன்றரை மடங்கானால் நிறுத்துவதற்கான வேலை ஒன்றரை மடங்காகும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்லும் வண்டி 120இல் செல்லும்போது, அதை நிறுத்தப் பிரேக்குகள் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்காகிறது. விழுங்கிய ஆற்றல் முழுவதும் வெப்பமாகி, அந்தச் சிறிய டிஸ்க்கிலும் அதை அழுத்திப் பிடிக்கும் பேடுகளிலும்தான் தங்கியாக வேண்டும். ஒருமுறை நிறுத்தினால் தாங்கும். தொடர்ந்து நான்கைந்து முறை நிறுத்தினால் பேடுகள் தம் பிடிப்பை இழக்கும். மேலும் சூடேறினால் பிரேக் எண்ணெய் கொதித்து, மிதி அப்படியே தரைக்குப் போகும். ஓட்டுநருக்கு இதுபற்றி முன்னறிவிப்பு எதுவும் கிடைப்பதில்லை. சமவெளிச் சாலையில் மாலை நேரத்தில் சோதித்துவிட்டு ‘பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது’ என்று சொல்பவர்களிடம் நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு அங்கே இறங்கிப் பார்க்கும் எண்ணத்துடன் பிரேக்கைக் கணக்கிடுங்கள். கம்பெனியில் செய்து வந்த பெரிய வண்டிகளே கியரைக் குறைக்காமல் இறங்கிப் பிரேக் சூடேறிக் கவிழ்ந்த பாதை அது. பெரிய இன்ஜின் ஏற்றத்தில் தரும் மகிழ்ச்சிக்கு உரிய விலையை இறக்கத்தில்தான் கேட்கும்.

எடைப் பங்கீடும் இதனுடன் சேர்ந்தே வருகிறது. முன்சக்கர இயக்க வண்டியில் மூக்கு ஏற்கெனவே கனம். நான்கு சிலிண்டர் இன்ஜினும் அதற்குரிய கியர் பெட்டியும் பெரிய ரேடியேட்டரும் சேர்ந்து அதை இன்னும் கனக்கச் செய்கின்றன. அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால், இலேசாகிவிட்ட பின்சக்கரங்கள் முன்னதாகவே பூட்டிக்கொள்ளும். வண்டியின் வால் ஒரு பக்கம் வீசும். இதைத் தவிர்க்க முன்பின் பிரேக் விசையின் விகிதத்தை மாற்றியாக வேண்டும். எஸ்டீமின் முன்பக்க டிஸ்க்கையும் அதைக் கவ்வும் காலிப்பரையும் எடுத்துப் பொருத்திவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள், மிதியின் அழுத்தத்தைப் பிரேக் எண்ணெய்க்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் அளவையும், பின்சக்கரங்களுக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் விகிதாசார வால்வையும் மறந்துவிடுகிறார்கள். பெரிய டிஸ்க் 12 அங்குலச் சக்கரத்துக்குள் அடங்காது. சக்கரத்தை மாற்றினால் டயர் மாறும், டயர் மாறினால் வேகமானி பொய் சொல்லும், ஸ்டியரிங் கனக்கும். ஒன்றைத் தொட்டால் ஒன்பதைத் தொட வேண்டியிருக்கும் வேலை இது.

ஏனைய ஆபத்துகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 800இன் டிரைவ் ஷாஃப்டுகள் இருமடங்கு முறுக்குவிசைக்கு ஆனவை அல்ல. இடதும் வலதும் நீளத்தில் வேறுபடுவதால், ஆக்ஸிலரேட்டரை அழுத்தியவுடன் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இன்ஜினுக்கு இடம் போதாதபோது சில பட்டறைகளில் முன்பக்கச் சைடு மெம்பரை வெட்டி ஒட்டவைக்கிறார்கள். மோதல் நேரும்போது நசுங்கி விசையை உள்வாங்க வேண்டிய உறுப்பு அது. இந்தியாவில் புதிய கார் வகைகளுக்கு முன்மோதல் சோதனை 2017 அக்டோபரில்தான் கட்டாயமானது. அதற்கு முன்பே உற்பத்தி முடிந்துபோன 800இல், வெட்டி எடுத்த பிறகும் மிச்சமிருக்கும் பாதுகாப்பு என்று சொல்ல அதிகமில்லை. இவற்றைக் காட்டிலும் என்னை அச்சுறுத்துவது எரிபொருள் குழாய்தான். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் ஏறத்தாழ கால் பார் அழுத்தத்தில் வருகிறது. பீய்ச்சும் முறை இன்ஜினுக்கு அது ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் வர வேண்டும். பழைய ரப்பர் குழாயையும் சாதாரணக் கிளிப்பையும் அப்படியே விட்டுவிட்டு மின்பம்பை மட்டும் பொருத்திய வண்டிகளை நான் கண்டிருக்கிறேன். சூடான எக்ஸாஸ்ட் குழாயின்மீது பெட்ரோல் பீறிட அந்தக் கிளிப் ஒன்று தளர்ந்தால் போதும்.

இவ்வளவையும் படிப்பவர்கள், நான் இந்த மாற்றத்துக்கே எதிரி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சிறிய வண்டியில் பெரிய இன்ஜின் என்பது வாகன உலகில் மதிப்புமிக்க ஒரு மரபு. அதைப் பொறுப்புடன் செய்து காட்டியவர்களில் தலையாயவர் பந்தயக் கார்களை உருவாக்கிய ஜான் கூப்பர். பிரிட்டனில் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959இல் வெளிவந்த மினி, 848 சிசி இன்ஜினும் 34 குதிரைத்திறனும் கொண்ட சிக்கனக் கார். அதில் 997 சிசியும் 55 குதிரைத்திறனும் கொண்ட இன்ஜினைப் பொருத்திய மினி கூப்பர் 1961இல் வந்தபோது, சாதாரண மினியில் நான்கு சக்கரங்களிலும் இருந்த டிரம் பிரேக்கை விட்டு, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் சேர்த்தே வந்தது. அந்த 12 அடிக்குங்கூடக் குறைவான கார் மான்டி கார்லோ ராலியை 1964இலும் 1965இலும் 1967இலும் வென்றது பலருக்கும் நினைவிருக்கும். முதல் கூப்பருடன் வந்த அந்த 7 அங்குல டிஸ்க்குகளை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. 1990இல் வந்த மாருதி 1000 கார் தன் 970 சிசி இன்ஜினைக் கொண்டு அந்த நீண்ட உடலை இழுக்கத் திணறியது. 1994இல் ஏறத்தாழ அதே உடலுக்குள் 1298 சிசி இன்ஜினை வைத்தபோது அது எஸ்டீம் ஆயிற்று. மாருதியின் ஜீப் வகை வண்டியான ஜிப்சிக்கும் 1996இல் அதே மாற்றம் நிகழ்ந்தது. இவற்றைவிட நமக்கு அண்மையான எடுத்துக்காட்டு கோவையிலேயே இருக்கிறது. டாட்டா மோட்டார்ஸும் கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து அமைத்த கூட்டு நிறுவனம் 2018 அக்டோபரில் டியாகோ ஜேடிபி என்ற காரை வெளியிட்டது. சாதாரண டியாகோவில் 85 குதிரைத்திறன் தரும் பெட்ரோல் இன்ஜினுக்குப் பதிலாக, நெக்ஸான் வண்டியின் டர்போ இன்ஜினை 114 குதிரைத்திறனுக்குச் செம்மைப்படுத்திப் பொருத்தினார்கள். கொள்ளளவு அதே 1.2 லிட்டர்தான் என்றாலும், சிக்கனக் காருக்குள் அதன் அளவை மீறிய இன்ஜினை வைத்தல் என்ற வகையில் இது நாம் பேசும் வேலையேதான். ஆனால் அந்த நிறுவனம் இன்ஜினோடு நின்றுவிடவில்லை. கியர் விகிதங்கள் மாற்றப்பட்டன, சஸ்பென்ஷன் தாழ்த்தி இறுக்கப்பட்டது, சக்கரமும் டயரும் அகலமாயின. பிறகு முழு வண்டியும் உரிய சோதனைகளைக் கடந்து விற்பனைக்கு வந்தது. ஆக, இந்தக் கலை நம் ஊருக்குத் தெரியாததன்று.

இடையில் ஒன்றைச் சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறேன். இன்ஜினும் உடலும் பொருந்தாமைக்கு மறுதலையான உதாரணம் சென்னையில் நிகழ்ந்தது. 1985இல் ஸ்டாண்டர்டு நிறுவனம் வெளியிட்ட ஸ்டாண்டர்டு 2000 காருக்கு, பிரிட்டனின் ரோவர் காருடைய அழகிய பெரிய உடல் கிடைத்தது. இன்ஜினோ பல பத்தாண்டுகள் பழைய 1991 சிசி வடிவம். வாங்கியவர்கள் ஏமாந்தார்கள், வண்டி சில ஆண்டுகளிலேயே மறைந்தது. வலுக்குறைந்த இன்ஜினால் நேரும் கேடு பெரும்பாலும் விற்பனையோடு முடிந்துவிடுகிறது.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தொடக்கத்தில், வாகனத்தில் மாற்றம் செய்ய விரும்பும் உரிமையாளர் பதிவு அதிகாரிக்கு முன்கூட்டியே அறிவித்து ஒப்புதல் பெற வேண்டும் என்றே சொன்னது. அம்பாசிடரிலும் பத்மினியிலும் பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் இன்ஜினை வைக்கும் தொழில் நம் பட்டறைகளில் கொடிகட்டிப் பறந்த காலம் அது. அந்த வண்டிகளை ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்று மக்கள் அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து, பதிவுப் புத்தகத்தில் எழுதித் தர ஒரு வழி இருந்தது. 2000ஆம் ஆண்டின் திருத்தம் அந்த வழியை அடைத்தது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்றிதழின் விவரங்கள் அமையும்படி எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்பது இப்போதுள்ள விதி. கேரளத்திலிருந்து மேல்முறையீட்டுக்குச் சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமின்றி உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் 182ஏ பிரிவைச் சேர்த்து, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. தங்கள் கட்டுரையில் முழுப்பெயருடன் படம் வெளியான இளைஞருக்கு இது தெரிந்திருக்குமா என்பது என் ஐயம்.

இவ்வளவு கடுமையான தடைக்குப் பின்னும் பெரிய இன்ஜின் மாற்றம் நின்றுவிட்டதா? பட்டறைகளுடன் தொடர்புள்ள யாரைக் கேட்டாலும் விடை தெரியும். வேலை நடக்கிறது, இருட்டில் நடக்கிறது. ஒப்புதல் கேட்கவே இடமில்லாததால், வேலையைச் சரியாகச் செய்பவருக்கும் அரைகுறையாகச் செய்பவருக்கும் சட்டத்தின் கண்ணில் வேறுபாடு இல்லாமல் போகிறது. பிரேக்குக்கு மேலும் பணம் செலவிட்டவர் அதனால் பெறும் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை. செலவிடாதவருக்கு மிச்சமாகும் பணமோ கணிசமானது. பட்டறைக்காரரும் ரசீது தருவதில்லை, உத்தரவாதமும் தருவதில்லை. தந்தால் அது அவருக்கு எதிரான சான்றாகிவிடும்.

காப்பீட்டைப் பாருங்கள். மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் இன்ஜின் கொள்ளளவின்படி வகுக்கப்பட்டது. 2022இல் அறிவிக்கப்பட்ட கட்டணத்தின்படி, 1000 சிசிக்கு மேற்படாத காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1000க்கு மேல் 1500 வரை 3,416 ரூபாய். 796 சிசி என்று எழுதிய சான்றிதழுடன் 1298 சிசி இன்ஜினை ஓட்டுபவர் குறைந்த கட்டணத்தையே செலுத்துகிறார். தம் வண்டிக்குச் சேதம் நேர்ந்து இழப்பீடு கேட்கும் நாளில், அறிவிக்காத மாற்றத்தைக் காட்டி நிறுவனம் கைவிரித்தால் அவரால் மறுமொழி சொல்ல இயலாது. அவர் இடித்துத் தள்ளிய சைக்கிள்காரரின் குடும்பமோ ஒரு குற்றமும் செய்யாமலே நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்க நேரிடும். 15 ஆண்டு முடிந்து மறுபதிவுக்குப் போகும்போது இன்னொரு சிக்கல் எழுகிறது: இன்ஜின் எண் பொருந்தாது. அதற்காகப் பழைய இன்ஜினைத் தற்காலிகமாகத் திரும்பப் பொருத்திக் காட்டுவதும், எண்ணையே ராவி எடுத்துப் புதிதாகக் குத்துவதும் நடக்கின்றன. முன்னது ஏமாற்று, பின்னது திருட்டு வண்டி வியாபாரத்துக்கு நேரே துணைபோவது. மாற்று இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதை எழுதிவைக்க ஓரிடமும் இல்லாத அமைப்பு, வண்டி திருடுகிறவனுக்கே மிக வசதியானது.

இதில் எனக்கு விளங்காத முரண் ஒன்று உண்டு. அதே 52ஆவது பிரிவு, எரிபொருளை மாற்றுவதற்கு மட்டும் வழிவிடுகிறது. ஒப்புதல் பெற்ற சாதனத் தொகுப்பைக் கொண்டு பெட்ரோல் காரை இயற்கை எரிவாயுக் காராக மாற்றலாம்; இன்ஜினையே எடுத்துவிட்டு மின்மோட்டாரும் பேட்டரியும் வைக்கலாம்; பதிவுச் சான்றிதழிலும் அது ஏறும். கனத்த எரிவாயு உருளையைப் பின்பக்கச் சாமான் அறையில் ஏற்றுவதும் எடைப் பங்கீட்டை மாற்றுகிறது. மின்மோட்டாரும் முறுக்குவிசையைக் கூட்டக்கூடியது. அந்த மாற்றங்களுக்குத் தரக்குறிப்பு எழுதவும், சோதிக்கவும், பொருத்துபவரைப் பொறுப்பாக்கவும் முடிந்த அரசுக்கு, ஆல்ட்டோவின் இன்ஜினை 800இல் வைப்பதற்கு மட்டும் ஒரு தரக்குறிப்பு எழுத முடியாதா?

வெளிநாடுகளில் இதற்கு விடை கண்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில், காரின் மூல எடையை அடிப்படையாகக் கொண்டு, அதில் வைக்கக்கூடிய இன்ஜினின் உச்சக் கொள்ளளவு வரையறுக்கப்படுகிறது. அங்கீகாரம் பெற்ற பொறியாளர் பார்த்துச் சான்று தர வேண்டும். ஜெர்மனியில் தொழில்நுட்பச் சோதனை அமைப்பு ஒப்புக்கொண்ட மாற்றம் வண்டியின் ஆவணத்தில் ஏறுகிறது. ஜப்பானில் 660 சிசிக்கு உட்பட்ட ‘கெய்’ வகைச் சிறு காரில் அந்த எல்லையை மீறிய இன்ஜினை வைத்தால், அது சிறு கார் என்ற சலுகையை இழந்து சாதாரணக் காராக மறுபதிவு பெற வேண்டும். இவர்கள் எவரும் கண்ணை மூடிக்கொண்டு அனுமதிக்கவில்லை. கேள்வி கேட்க ஓர் ஆளையும், விடையை எழுத ஒரு படிவத்தையும் வைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

நாமும் செய்ய இயலும். புதிய சட்டமும் தேவையில்லை. வாகன மாற்றங்களுக்கான தரக்குறிப்புகளையும் ஒப்புதல் நிபந்தனைகளையும் வகுக்கும் அதிகாரத்தை 2019ஆம் ஆண்டின் திருத்தமே ஒன்றிய அரசுக்கு அளித்திருக்கிறது. ஒவ்வொரு வண்டியையும் உள்ளூர் ஆய்வாளர் பார்த்து முடிவுசெய்வது என்ற பழைய முறையை நான் கேட்கவில்லை. அதற்கான கருவிகள் அந்த அலுவலகங்களில் இல்லை என்பதோடு, அங்கே வேறு ‘நடைமுறைகள்’ தலையெடுக்கும் என்பதையும் வாசகர்கள் அறிவார்கள். எரிவாயுச் சாதனத் தொகுப்பைப் போலவே, இன்ன காருக்கு இன்ன இன்ஜின் என்று இணை இணையாக ஒப்புதல் அளிக்கலாம். ஒரு பட்டறையோ சிறு நிறுவனமோ, தாங்கிகள், பிரேக், டிரைவ் ஷாஃப்ட், எரிபொருள் குழாய், குளிர்விப்பு அனைத்தும் அடங்கிய ஒரு முழுமையான தொகுப்பை உருவாக்கி, மாதிரி வண்டியைச் சென்னை அருகே ஒரகடத்திலுள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் போன்ற அமைப்பிடம் கொண்டுசெல்லட்டும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது பிரேக். முழுப் பாரத்துடன் திரும்பத் திரும்ப நிறுத்தும் வெப்பச் சோதனையில் தேறாத வண்டிக்கு மற்றச் சோதனைகளே வேண்டாம். புகையைப் பொறுத்தவரை, வைக்கப்படும் இன்ஜின் வண்டியின் மூல இன்ஜினைவிடப் பழைய விதியைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது. அதற்குரிய, புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கிக் குழாயும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சேர்ந்தே வர வேண்டும். கார்புரேட்டர் காலத்து 800இல் முறையாகப் பொருத்தப்பட்ட பிந்தைய இன்ஜின், காற்றைக் குறைவாகவே கெடுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். தேறிய தொகுப்பை, பயிற்சிச் சான்று பெற்ற பட்டறை பொருத்தட்டும். மாற்று இன்ஜின் எந்த வண்டியிலிருந்து எடுக்கப்பட்டது, அந்த வண்டியின் பதிவு நீக்கப்பட்டதா என்ற விவரங்கள் கட்டாயமாகப் பதிவேறட்டும்.

இவ்வாறு வழி திறந்தால் சாலைகள் பந்தயத் திடல்களாகிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சம் முழுவதும் பொய்யன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வார இறுதிகளில் நடப்பதை நாமும் படிக்கத்தான் செய்கிறோம். எனினும் அங்கே சீறுகிறவற்றில் பெரும்பாலானவை, எந்த மாற்றமும் செய்யாமலே அந்த வேகத்தை எட்டக்கூடிய விலையுயர்ந்த வண்டிகள். அவற்றைத் தடுப்பது போக்குவரத்துக் காவல்துறையின் வேலை. என் யோசனையில் ஓர் உச்சவரம்பும் அடங்கியிருக்கிறது: எடைக்கேற்ற திறன் என்ற அளவுகோலை வைத்தால், 800க்கு 1061 சிசி இன்ஜின் ஒப்புதல் பெறக்கூடும், 85 குதிரைத்திறன் எஸ்டீம் இன்ஜின் பெரும்பாலும் பெறாது. அந்த முடிவு சிலருக்குக் கசக்கும். தங்கள் கட்டுரை நாயகருக்கும் கசக்கலாம்.

அவரைப் போன்றவர்களுக்கு உரிய இடம் வேறு இருக்கிறது. அதுவும் அவருக்கு வெகு தொலைவில் இல்லை. 1980களின் இறுதியில் கோவையின் கரிவரதன், இதே மாருதி 800இன் இன்ஜினைக் கொண்டு ‘ஃபார்முலா மாருதி’ என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். சிறிய இன்ஜினைப் பெரிதாக்க முனையாமல், அதைச் சுற்றி இலேசான வண்டியைக் கட்டினார். குறைந்த செலவில் பந்தயம் பழக ஒரு தலைமுறைக்கே அது வழிவிட்டது. பின்னாளில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய நாராயண் கார்த்திகேயனும் அதில் ஓட்டியவர்தாம். கரிவரதனின் பெயரால் செட்டிப்பாளையத்தில் ஓடுதளம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் ஓடுதளம் இருக்கிறது. அங்கே பாதுகாப்புக் கூண்டும் தீயணைப்பானும் ஆறு முனை இருக்கைப் பட்டையும் கட்டாயம். எதிரே சைக்கிள் வராது. எஸ்டீம் இன்ஜின் வைத்த 800 தன் முழுத் திறனையும் காட்ட வேண்டிய இடம் அதுதான். அத்தகைய வண்டிகளுக்குக் குறைந்த கட்டணத்தில் மாதம் ஒரு நாளாவது ஓடுதளங்களைத் திறந்துவிட விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் உதவினால், பட்டறை இளைஞர்கள் தாமே பிரேக்கைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். மூன்றாவது சுற்றிலேயே அது பேச வைத்துவிடும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். வாகனப் பக்கத்தில் இனி இத்தகைய வண்டி ஒன்றைப் பற்றி எழுதும்போது, முன்பக்க டிஸ்க்கின் விட்டம் என்ன, பூஸ்டர் உண்டா, எரிபொருள் குழாய் எத்தகையது, மாற்று இன்ஜினின் ஆவணம் எங்கே, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்பட்டதா என்ற கேள்விகளையும் உரிமையாளரிடம் கேட்டு, அவர் தரும் விடைகளை அப்படியே வெளியிடுங்கள். போக்குவரத்துத் துறை ஆணையரகத்திடமும், இன்ஜின் மாற்றத்துக்கு ஒப்புதல் முறை ஒன்றை ஒன்றிய அரசுக்குப் பரிந்துரைக்கும் எண்ணம் உண்டா என்று தங்கள் செய்தியாளர் கேட்டு எழுதினால், விடைக்காகக் காத்திருக்கும் வாசகர்கள் என்னைத் தவிரவும் பலர் இருப்பார்கள்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற மோட்டார் வாகனப் பொறியியல் விரிவுரையாளர்,
கோயம்புத்தூர்.